ஆறு பேர், எட்டு விளக்கு

2012 மே மாதம். கல்லூரியில் கடைசிப் பரீட்சை முடிந்து வந்த வாரம். வடக்குத்தில் எங்கள் வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, ஒரு சுவிட்சில் இணைத்து, விடிய விடிய கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடுவது என்று முடிவானது. அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

வடக்குத்து தெரியாதவர்களுக்கு: பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையில், நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டியிருக்கும் ஊர். டவுன்ஷிப்பில் வேலை பார்க்கும்வரை குவார்ட்டர்ஸ். ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். அப்படி வந்தவர்களில் நிறையப் பேர் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அப்பா 2010இல் ரிட்டயர் ஆனார். நாங்களும் வந்தோம். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் எனக்கு நாடு கடத்தப்பட்ட மாதிரி இருந்தது. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் 'நெய்வேலி' என்றுதான் சொல்வேன். எந்த பிளாக் என்று அடுத்த கேள்வி வந்தால் பழைய பிளாக் நம்பரையே சொல்வேன்.

விளையாட வந்த நான்கு பேரும் டவுன்ஷிப் பையன்கள். நான்கு பேரும் என்னைப் போல இன்ஜினியரிங். மூன்று பேர் டெஸ்க்டாப்பை பைக்கில் தூக்கி வந்தார்கள். பின்னால் உட்கார்ந்தவன் மடியில் சிபியு, அவன் முதுகுக்கும் பைக்கு ஓட்டுபவன் முதுகுக்கும் நடுவில் மானிட்டர். நாலாவது ஆளிடமும் என்னிடமும் லேப்டாப். எல்லோரும் காசு போட்டு பாண்டிச்சேரியில் வாங்கிய எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. முன்பக்கம் எட்டு பச்சை விளக்குகள்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கை 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மேல் ஒட்டுவேலையாகச் செய்தார்கள். எங்கள் கைக்கு வந்தது 1.6 பதிப்பு, பென் டிரைவ் வழியாக. அதை விளையாட இணையமே வேண்டாம். ஒரே கயிற்றில் கட்டப்பட்ட சில கம்ப்யூட்டர்கள் போதும். ஆனால் ஆட்கள் ஒரே அறையில் இருக்க வேண்டும். உன்னைச் சுட்டவன் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பான். திரும்பி அவன் தலையில் ஒன்று போடலாம்.

ஆரம்பத்தில் வந்த பிரச்சினைகள் எல்லாம் பாடப்புத்தகப் பிரச்சினைகள். வெறும் சுவிட்ச் யாருக்கும் முகவரி தராது. அது ரவுட்டரின் வேலை. முகவரி கிடைக்காத விண்டோஸ், 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும். நாங்கள் அதை எடுத்துவிட்டு 192.168.1.1, 192.168.1.2 என்று கையால் போட்டோம். இரண்டு பேர் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு, 'நான்தான் மூணு', 'இல்லடா, நான்தான் மூணு' என்று சண்டை. அப்புறம் ஃபயர்வால். விண்டோஸ் எங்கள் ஹாலை ஒரு பொது இடம் என்று முடிவு கட்டி எல்லாக் கதவையும் சாத்தியிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தோம்.

ஒவ்வொரு படியிலும் பிங் போட்டுப் பார்த்தோம். மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்குமே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார். 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்று பதில் வர வேண்டும். ஏழரை மணிக்கு ஐந்து கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று 'இருக்கேன்' என்றன. ஆட ஆரம்பித்தோம்.

ஒன்பது மணிக்கு கரண்ட் போனது.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே ஒரு நாளின் பாதி இருட்டு. போதாததற்கு எங்கள் பக்கம் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்திருந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த தோப்புகளை மே மாதத்திலும் பார்க்கலாம். மொட்டை மாடிக்குப் போனோம். தெரு முழுக்க இருட்டு. தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் அவன் வந்தான்.

பக்கத்துத் தெரு. வடக்குத்திலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீடு கட்டும்போது ஒயரிங் வேலைக்கு அவன் மாமாவோடு கையாளாக வந்தவன். என் அம்மாவை டவுன்ஷிப் பையன்கள் ஆன்ட்டி என்பார்கள். அவன் அத்தை என்பான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் செட்டில் அவன் பெயர் 'டிப்ளமோ'. நாங்கள் வைத்ததுதான். பாசத்தில் வைத்தோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் தோளில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பை. 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியது. பையின் மேல் முதல்வர் படம் இருக்கும். கூடவே அவனே கிரிம்ப் செய்த இரண்டு கேபிள்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று எட்டு ஒயரையும் வரிசை மாறாமல் அடுக்கி, கிளிப்பில் நுழைத்து அழுத்த வேண்டும். ஒன்று மாறினாலும் போச்சு. எங்களில் ஒருவனுக்கும் அது தெரியாது. நாங்கள் கடையில் வாங்கியவர்கள்.

இருட்டிலேயே தன் லேப்டாப்பை ஒரு கேபிளில் சுவிட்சுக்கு இழுத்தான். இன்னொரு கேபிளின் ஒரு முனையை சுவிட்சில் குத்திவிட்டு, மறுமுனையைச் சும்மா விட்டான். "யாருக்காவது நீளம் பத்தலன்னா இத எடுத்துக்கங்க" என்றான். அப்புறம் சொன்னான்: "எல்லா கேபிளுக்கும் ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி நம்பர் எழுதிரலாமா? எது எதுன்னு தெரியும்ல."

"டேய், இது என்ன உங்க மாமா ஒயரிங் வேலையா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கரண்ட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் யாரோ கால் தடுக்கி ஒயர்களை இழுத்துவிட்டார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் குனிந்தேன். எல்லாமே ஒரே சாம்பல் நிறக் கேபிள்கள். ஒரு முனை தரையில் தனியாகக் கிடந்தது. கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று எடுத்து சுவிட்சில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகினேன். 'டக்' என்று உட்கார்ந்தது.

பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. எதுவும் வேலை செய்யவில்லை.

பிங் போட்டால் பதில் இல்லை. எப்போதாவது ஒன்று வந்தது, மூன்று நான்கு நொடி தாமதமாக. மவுஸ் அம்புக்குறி சேற்றில் நடப்பது போல நகர்ந்தது. சுவிட்சின் பச்சை விளக்குகள் எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி ஒரே வேகத்தில் துடித்தன. ரீஸ்டார்ட் செய்தோம். ஐபி எண்களைத் திரும்பப் போட்டோம். சுவிட்சைக் கழற்றி மாட்டினோம். ஒரு மணி நேரம் போனது. மேஜை மேல் வாங்கி வைத்த பரோட்டா விறைத்துப்போனது.

யார் முதலில் சொன்னது என்று ஞாபகம் இல்லை. "கரண்ட் போறதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு? புதுசா வந்தது எது?"

புதுசாக வந்தது அவன் லேப்டாப். கேள்வி சரியான கேள்விதான். இன்றைக்கும் அலுவலகத்தில் முதலில் அதைத்தான் கேட்போம்: கடைசியாக என்ன மாற்றினீர்கள்? ஆனால் அன்றைக்குப் பதில் கேள்விக்கு முன்பே தயாராக இருந்தது. "ஃப்ரீ லேப்டாப்ல என்னென்ன வைரஸ் இருக்கோ" என்றான் ஒருவன். "அவனே பண்ண கேபிள் வேற" என்றான் இன்னொருவன். அவன் என்னைப் பார்த்தான். வீடு என்னுடையது. நான் சொன்னேன்: "ஒண்ணு பண்ணு, நீ மட்டும் எடுத்துரேன். பாப்போம்."

அவன் எதுவும் பேசவில்லை. லேப்டாப்பை மூடினான். தன் கேபிளைக் கழற்றிச் சுருட்டினான். பிறகு அந்த இன்னொரு கேபிளை ஒரு முனையில் பிடித்துக் கையாலேயே தடவிக்கொண்டு போனான். கட்டிலுக்கு அடியில் போய், சுற்றி, அது திரும்ப சுவிட்சுக்கே வந்தது. இரண்டு முனைகளையும் பிடுங்கி ஒரே கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றான். என்னை நிமிர்ந்து பார்த்தான். "சரிடா, நா கெளம்பறேன்" என்றான்.

அவன் கேட்டைச் சாத்துவதற்குள் நெட்வொர்க் வந்துவிட்டது. "பாத்தியா! நான் சொன்னேன்ல" என்று ஹாலில் கைதட்டல். விடிகிறவரை ஆடினோம்.

அதற்கப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையாட்டுவான். ஆகஸ்டில் நான் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை, அலுவலகத்தில் எங்கள் தளம் முழுக்க நெட்வொர்க் விழுந்தது. எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நெட்வொர்க் பிரிவிலிருந்து வந்த சீனியர் யார் பேச்சையும் கேட்காமல் ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். ஒரு மேஜையில் ஐபி ஃபோன். அதன் முதுகில் இரண்டு ஓட்டைகள் இருக்கும், ஒன்று சுவரிலிருந்து வரும் கேபிளுக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. சுத்தம் செய்தவர் யாரோ நல்லெண்ணத்தில் இரண்டையும் சுவரிலேயே குத்தியிருந்தார். அவர் ஒன்றை உருவினார். தளம் உயிர் பெற்றது.

"லூப்புப்பா" என்றார். டீ குடிக்கும்போது விளக்கினார். தெருவில் ஒருத்தர் 'மூணாம் நம்பர் யாருங்க?' என்று கத்துகிறார் என்று வைத்துக்கொள். சுவிட்சின் வேலை அந்தக் குரலை, வந்த வாசலைத் தவிர மற்ற எல்லா வாசலுக்கும் கடத்துவது. ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் இருந்தால், ஒரு வாசல் வழியாக வெளியே போன குரல் இன்னொரு வாசல் வழியாக உள்ளே வரும். புதுக் குரல் என்று நினைத்து சுவிட்ச் அதையும் எல்லோருக்கும் கடத்தும். அது மறுபடி வரும். ஐபி பொட்டலத்துக்காவது இத்தனை தடவை தாண்டினால் சாக வேண்டும் என்று ஒரு ஆயுள் எண் உண்டு. அதைச் சுமக்கும் ஈதர்நெட் சட்டத்துக்கு ஆயுள் கிடையாது. ஒற்றைக் கேள்வி ஓயாமல் சுற்றும். கேட்ட எல்லா இயந்திரமும் அதற்குக் காது கொடுத்தே களைத்துப்போகும். இதற்கு பிராட்காஸ்ட் புயல் என்று பெயர்.

இதைத் தடுக்க 1985இல் டெக் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் ஒரு வழி கண்டுபிடித்தார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, வட்டம் இல்லாத ஒரு மரத்தை வரைந்துகொண்டு, மிச்ச வழிகளைத் தாமே அடைத்துவிடும். ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். அது வேலை செய்யும் விதத்தைச் சொல்ல ஒரு கவிதையும் எழுதினார். பெரிய சுவிட்சுகளில் அது இருக்கும், சரியாக அமைக்கப்பட்டிருந்தால். நாங்கள் காசு போட்டு வாங்கியது மாதிரியான பெட்டிகளில் இருக்காது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வடக்குத்து ஹால் ஞாபகம் வந்துவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் ஞாபகம் வந்தது விளக்குகள்தான். எட்டும் எரிந்தன. நாங்கள் ஆறு பேர். ஆளுக்கொரு கேபிள், ஆறு விளக்குதான் எரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அந்த விளக்குகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாலு வருஷ இன்ஜினியர்கள் ஐந்து பேரில் ஒருவரும் எண்ணவில்லை.

அடுத்து ஞாபகம் வந்தது அந்த 'டக்'.

அவன் போனபோது இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. அவன் லேப்டாப் போனது, லூப்பும் போனது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு, நமக்குப் பிடித்த ஒன்றைக் காரணம் என்று சொல்வது சோதனை ஆகாது. இது பள்ளிக்கூடத்து அறிவியல். நாங்களோ நிரூபித்துவிட்டதாகக் கைதட்டினோம்.

என் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெரிய கோளாறு நடந்தால் உட்கார்ந்து என்ன நடந்தது என்று எழுதுவோம், யார் செய்தது என்று எழுத மாட்டோம். எட்சி நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலமானது. எழுதியது அதே மே மாதம்தான் என்று பின்னாளில் கவனித்தேன். தப்பு செய்தவனைத் தண்டித்தால் அடுத்தவன் தப்பை மறைப்பான், அதனால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பது வாதம். எனக்கு இதில் முழு நம்பிக்கை. என் டீமில் அப்படித்தான் நடத்துகிறேன்.

அந்த ராத்திரியையும் அதே மொழியில் மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். 'மின்தடையின்போது ஒரு கேபிளின் மறுமுனை தவறுதலாக இணைக்கப்பட்டது. கேபிள்களில் அடையாளம் இல்லை. வெளிச்சம் போதவில்லை.' எல்லாம் உண்மை. படித்தால் யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் அன்று பழி ஏற்கெனவே ஒருவன் மேல் போடப்பட்டாயிற்று. அதை அவன் சுருட்டிய கேபிளோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போயாயிற்று. அப்படி ஒருவன் தலையில் சுமை இருக்கும்போது, 'யார் மேலும் பழி வேண்டாம்' என்று மற்றவன் சொல்வது பெருந்தன்மை இல்லை. முதலில் அவன் தலையிலிருந்து இறக்க வேண்டும். இறக்கினால் அதை எங்கே வைப்பது? என் மேல்தான். அதனால் நான் ஏழு வருஷம் ஒன்றும் செய்யவில்லை.

2020இல் ஊரடங்கு. வீட்டிலிருந்து வேலை என்று வடக்குத்துக்கு வந்தேன். ஃபைபர் இணைப்பு கேட்டு ஃபோன் செய்தால், வந்து நின்றது அவன். முகக்கவசத்துக்கு மேல் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்த்தான். மேலுறையை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடி இழையைத் துடைத்து, நேராக வெட்டி, சின்ன இயந்திரத்தில் இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து உருக்கி ஒட்டினான். இழையின் மொத்த விட்டமே 125 மைக்ரான், தலைமுடி கனம். அதற்குள் வெளிச்சம் ஓடும் பாதை 9 மைக்ரான். கை நடுங்கக் கூடாது. "மைனஸ் இருபத்தொண்ணு காட்டுது, நல்ல சிக்னல்" என்றான். அம்மா காபி கொடுத்தார். "நல்லாருக்கீங்களா அத்தை" என்று கேட்டான். நான் பணம் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ஊரே நோயில் கிடக்கும்போது எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு கேபிளைப் பற்றி எப்படிப் பேசுவது என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

2024 பொங்கலுக்குப் பழைய செட் கூடியது. ஐந்து பேரும் ஐந்து ஊரிலிருந்து. அதே ஹால், அதே 1.6. எங்கள் அலுவலக லேப்டாப்களில் ஒரு ஃபயர்வால் விதியை மாற்றக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் ஆளுக்கொரு சொந்த லேப்டாப்போ, தங்கச்சி லேப்டாப்போ கொண்டுவந்திருந்தோம். கேபிளே இல்லை, எல்லாம் வைஃபை. அன்று பார்த்து ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு. விளையாட இணையம் தேவையில்லைதான். ஆனால் மறுநாள் இரண்டு பேருக்கு வேலை இருந்தது. நான் அவனைக் கூப்பிட்டேன்.

வந்தான். வெளியே கொடிபோல் தொங்கிய கேபிளை அணில் கடித்திருந்தது. ஒட்டினான். உள்ளே வந்தபோது எங்களுக்கு வேறு பிரச்சினை. மூன்று பேருக்கு கேம் தெரிகிறது, இரண்டு பேருக்குத் தெரியவில்லை. ஐந்து பேரும் ஐந்து காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஃபயர்வால், வெர்ஷன், விண்டோஸ் 11. அவன் கேட்டான்: "மொத்தம் எத்தன பேரு?"

"அஞ்சு."

ஃபோனில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தான். "வீட்டு வைஃபைல மூணுதான் இருக்கு. மிச்சம் ரெண்டும் கெஸ்ட்ல இருக்கு. கெஸ்ட்ல இருந்தா உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாது."

விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை போட்டுவைத்தவனும் நான்தான்.

வாசல்வரை அவனோடு போனேன். பைக் பெட்டியில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி, உன் லேப்டாப் இல்லடா. அந்தக் கேபிள். ரெண்டாவது முனையைக் குத்துனது நான்தான்."

"தெரியும்" என்றான். "டார்ச்சு உன் கையிலதான இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

பெட்டியை மூடினான். "சொல்லியிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க? 'உன் கேபிள்தான'ன்னு சொல்லியிருப்பீங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆமாம், அப்படித்தான் சொல்லியிருப்போம்.

உள்ளே கூட்டிப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருவனுக்கு அந்த ராத்திரி ஞாபகம் இருந்தது, நெட்வொர்க் பிரச்சினை ஞாபகம் இல்லை. இன்னொருவன், "அப்படியா? நாம அப்படியா சொன்னோம்?" என்று நிஜமாகவே கேட்டான். வைரஸ் என்று சொன்னவன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான், எதுவும் பேசவில்லை. "விடுங்கடா, வேலையப் பாருங்க" என்று அவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"ஒரு ரவுண்டு ஆடிட்டுப் போ" என்றேன்.

"அன்னிக்கு ஒரு ரவுண்டுகூட ஆடல" என்றான்.

மூலையில் அப்பாவின் பழைய டெஸ்க்டாப் இருந்தது. அதில் வைஃபை கிடையாது. வெளியே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் எடுத்து வந்தான். இரண்டு முனையிலும் வெள்ளை டேப், மேலே மார்க்கரில் 4, 4. கேம் திறந்ததும் பெயர் கேட்டது. கீபோர்டு என் பக்கம் இருந்தது. பழக்கதோஷத்தில் டி-யில் ஆரம்பித்துவிட்டேன். அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, நான் அடித்ததை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தான். அதை இங்கே எழுதலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பட்டியலைப் பார்த்தேன். திரையில் ஆறு பெயர்கள். ஹாலில் ஆறு பேர்.